லஸ்கர் எழுதிய கையேடு ஆவணமா? பதிவறையைப் பிரிக்கும்போது எழுந்த ஐயம்

ஓடம்போக்கிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பாசன உபகோட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணிபுரிகிறேன். பதிவறைப் பொறுப்பு என் மேசைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அலுவலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்ற வேண்டியிருப்பதால், "ரெக்கார்டு எது, ரெக்கார்டு அல்லாதது எது என்று பிரித்து, அல்லாததைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வண்டியில் ஏற்றுங்கள்" என்று மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். சொல்வதற்கு ஒரு வரி; பிரிக்க உட்கார்ந்தால் முதல் பீரோவிலேயே கை நின்றுவிடுகிறது.

உள்ளே இருப்பவற்றைச் சொல்கிறேன். சிவப்புத் துணியில் கட்டிய முடிவுற்ற கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் எனக்குக் குழப்பம் இல்லை. செய்த வேலையின் அளவைக் குறிக்கும் அளவுப் புத்தகங்கள், அதாவது எல்லோரும் எம்-புக் என்று சொல்பவை, தனி பீரோவில் இருக்கின்றன, அவற்றிலும் இல்லை. குழப்பம் மற்றவற்றில்தான். ஒரே அரசாணைக்கு ஏழு நகல்கள், பென்சிலால் அடித்துத் திருத்திய வரைவு மதிப்பீடுகள், ஒப்பந்தப்புள்ளி விளம்பரம் வந்த நாளிதழ்கள், மாற்றலாகிப் போன அலுவலர்கள் விட்டுச்சென்ற நாட்குறிப்புகள், இடையிடையே திருமண அழைப்பிதழ்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு சாக்குப் பையில் லஸ்கர்களின், அதாவது மதகுக் கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் பாசனப் பணியாளர்களின், கையேடுகள் நாற்பத்து மூன்று. தலைப்புகளிலும் (தண்ணீர் பிரியும் இடங்கள்) மதகுகளிலும் நீர்மட்டம் பார்த்து அவர்கள் எழுதி வைத்தவை அவை. அந்த அளவுகளெல்லாம் பிறகு அலுவலகப் பதிவேட்டில் ஏறிவிட்டதால் கையேடுகள் வெறும் குப்பை என்கிறார் உடன் பணிபுரியும் ஒருவர். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத ஒரு தாளை ஆவணம் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. எனக்கு மறுமொழி தெரியவில்லை.

கையெழுத்தும் முத்திரையும் அல்லாமல் வேறு எதை வைத்து ஆவணத்தை அடையாளம் காண்பது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

பழைய தாலுகா எழுதியது:

தம்பிக்கு வணக்கம். வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஒரு நடைமுறைச் செய்தி. வாய்மொழி உத்தரவை நம்பி ஒரு தாளையும் கழிக்காதீர்கள். பட்டியல் எழுதி, குறிப்பு வைத்து, ஒப்புதல் வாங்கிய பிறகே எதுவும் வெளியே போக வேண்டும். பின்னாளில் "யார் கழித்தது?" என்று கேள்வி வரும்போது வாய்மொழியாகச் சொன்னவர் வேறு மாவட்டத்தில் இருப்பார், நீங்கள்தான் அங்கேயே இருப்பீர்கள்.

எங்கள் காலத்தில் ஆவணம் எது என்று யாரும் தத்துவம் பேசியதில்லை. தபாலில் வந்தது பகிர்மானப் பதிவேட்டில் ஏறும், அங்கிருந்து அந்தந்த எழுத்தரின் தன்பதிவேட்டுக்குப் போய் ந.க. எண், அதாவது கோப்பு எண், பெறும், நடவடிக்கை முடிந்ததும் எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கேற்ப முடிவு எண் பெறும். ஓராண்டு வைக்க வேண்டியது எல்.டிஸ்., மூன்றாண்டு என்றால் கே.டிஸ்., பத்தாண்டு என்றால் டி.டிஸ்., என்றென்றைக்கும் என்றால் ஆர்.டிஸ். இந்த எண் பெற்ற எதுவும் ஆவணம். அந்தக் காலம் முடிகிற வரை அதைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. எண் பெறாதவற்றில்தான் நீங்கள் கேட்கிற கேள்வியே எழுகிறது.

அரசாணையின் ஏழு நகல்களில் ஒன்று இருப்புக் கோப்பில் இருக்க வேண்டும். மற்ற ஆறும் யாரோ வசதிக்காக எடுத்து வைத்தவை, போகலாம். ஆனால் அந்த ஆறில் ஒன்றின் ஓரத்தில் ஓர் அலுவலர் "இதன்படி நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டிருந்தால், அந்தக் கணத்திலிருந்து அது நகல் அல்ல. ஆகவே ஆறையும் புரட்டிப் பார்க்காமல் போடாதீர்கள். நாளிதழும் அப்படித்தான். ஒப்பந்தப்புள்ளிக் கோப்பில் சேர்த்து வைத்த தாள், விளம்பரம் முறையாக வெளிவந்தது என்பதற்குச் சான்று. மேசையில் தனியாகக் கிடக்கும் அதே நாளிதழ் பழைய பேப்பர் கடைக்கு உரியது.

வரைவு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை, இதில் புதியவர்கள் பலர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். நம் அலுவலக முறையில் தூய நகல் வெளியே போய்விடும். கோப்பில் தங்குவது அலுவலர் திருத்தி ஒப்பமிட்ட வரைவுதான். "வரைவு" என்ற சொல்லைப் பார்த்ததும் கிழித்துப் போட்டால் அந்தக் கடிதத்துக்கு அலுவலகத்தில் வேறு சான்றே இருக்காது. ஒப்புதல் பெற்ற வரைவு ஆவணம். அதற்கு முன் எழுத்தர் நான்கு முறை எழுதிப் பார்த்து அடித்தவை ஆவணம் அல்ல, தட்டச்சுப் பிழை திருத்திய தாள்களும் அல்ல.

லஸ்கர் கையேட்டைப் பற்றி எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. எண் இல்லை, பதிவேட்டில் ஏறிவிட்டது என்றால் என் காலத்தில் கழித்திருப்போம்.

---

படியோலை எழுதியது:

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. எண் ஒரு தாளை ஆவணமாக்குவதில்லை. ஏற்கெனவே ஆவணமாக இருப்பதைக் கண்டுபிடிக்க எளிதாக்குகிறது, அவ்வளவுதான். எண் போட மறந்த கடிதம் கடிதமில்லாமல் போய்விடுமா? நான் ஆவணக் காப்பகவியல் படித்தவள், தஞ்சாவூரில் பணிபுரிகிறேன்.

'ஆவணம் அல்லாதது' என்ற பாகுபாடே நம் சட்டத்தில் பிறந்ததல்ல. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஆவணச் சட்டத்தில்தான் அது வெளிப்படையாக இருக்கிறது. ஆவணத்துக்கு இலக்கணம் சொல்லிவிட்டு, பார்வைக்காக மட்டும் வைத்திருக்கும் நூலகப் பொருள்களும் வசதிக்காக மட்டும் வைத்திருக்கும் கூடுதல் நகல்களும் அதில் சேரா என்று அந்தச் சட்டம் விலக்குகிறது. 'மட்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வசதிக்காக எடுத்த நகலில் வேறு ஒரு வேலையும் நடந்துவிட்டால் அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. ஐயா சொன்ன ஓரக்குறிப்புக்கும் இதுவே காரணம். முடிவுறாத பணித்தாள்களுக்கும் அங்கே ஒரு சோதனை இருக்கிறது. எழுதியவர் அல்லாத வேறு பணியாளரிடம் அலுவல் காரணமாக அது போயிருக்க வேண்டும். முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி, வேறெங்கும் இல்லாததாக, அதில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பென்சில் கிறுக்கலும் ஆவணம்.

இந்தியச் சட்டங்கள் இதற்கு எதிர்த்திசையில் செல்கின்றன. விலக்காமல் வாரி அணைத்துக்கொள்கின்றன. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் கையெழுத்துப்படி, கோப்பு, நுண்படச் சுருள், கணினி உருவாக்கிய எதுவும் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் உரியது. நம் மாநில அலுவலகங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் 8-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: 1892-க்கு முன் உருவான எந்த ஆவணத்தையும், பயன்படாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று காப்பகத் தலைவர் கருதினாலன்றி, அழிக்கவே கூடாது. (காவிரிக்காரர்களுக்கு 1892 என்றால் சென்னையும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் நினைவுக்கு வரும். ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயல்தான் என்றாலும், படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.)

உங்கள் அலுவலகத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவது 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். அதில் 'தகவல்' என்பதற்கு இலக்கணம் சொல்லும் இடத்தில் குறிப்பாணை, மின்னஞ்சல், கருத்துரை, அறிக்கை ஆகியவற்றோடு லாக் புத்தகம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். லஸ்கர் கையேடு வேறென்ன? ஒருவர் மனுச் செய்து கேட்ட தகவலை அழித்துவிட்டால், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலர் தன் கையிலிருந்து தண்டம் கட்ட நேரலாம். நிலுவையில் உள்ள மனுக்களைப் பார்த்துவிட்டுத்தான் சாக்கைத் தூக்க வேண்டும்.

முத்திரை இல்லையே என்ற உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஆவண மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 15489, முதலில் 2001-இலும் திருத்தி 2016-இலும் வெளிவந்தது. ஒருவர் தம் கடமையையோ அலுவலையோ செய்யும்போது உருவாக்கி, அல்லது பெற்று, சான்றாக வைத்துக்கொள்வதே ஆவணம் என்பது அதன் சாரம். முத்திரையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இந்தத் தாள் எந்த வேலையில் பிறந்தது, நாளை அந்த வேலை நடந்ததா என்று கேட்டால் இதைக் காட்ட வேண்டி வருமா என்றுதான் பார்க்க வேண்டும்.

திருவாரூர்க்காரருக்கு சுந்தரரின் திருமணத்தில் நடந்த வழக்கை நான் சொல்லத் தேவையில்லை. சுந்தரர் தமக்கு அடிமை என்று ஒரு கிழவர் கொண்டுவந்த ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிட்டார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறு இருக்கிறது என்றார் கிழவர். படி போனால் வழக்குப் போவதில்லை என்பது வரை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. மூல ஓலையில் இருப்பது சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்துதானா என்று பார்க்க, வேறு எதற்காகவோ அவர் எழுதிக் காப்பில் இருந்த இன்னோர் ஓலையை அவையோர் எடுத்து ஒப்பிட்டார்கள். அந்த இரண்டாம் ஓலையை யாரும் 'தேவையற்றது' என்று கழித்திருக்கவில்லை.

---

ஓடம்போக்கிக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. படியோலை அம்மா சொன்னதைப் படித்துவிட்டுச் சாக்கைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். கையேடுகளில் பாதி உர நிறுவனங்கள் கொடுத்த நாட்குறிப்புகள். மீதி பள்ளிக் குழந்தைகளின் கோடு போட்ட நோட்டுகள். நாள், காலை அளவு, மாலை அளவு, திறந்திருந்த கதவுகள் என்று வரிசையாக இருக்கின்றன. ஒரு சிக்கல் தெரியவந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பழைய கட்டடத்தின் ஓடுகள் பறந்து, மேலடுக்கில் இருந்த நீர்மட்டப் பதிவேடு அப்போதும் அடுத்து வந்த மழைகளிலும் நனைந்திருக்கிறது. அந்த ஆண்டின் ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மை கரைந்துவிட்டன. அந்த இரண்டு மாதங்களுக்கும் கையேடுகள் மட்டுமே இருக்கின்றன. இனி இவை குப்பை அல்ல என்று எனக்கே தெரிகிறது. ஆனால் பதிவேடு நன்றாக இருக்கிற மற்ற ஆண்டுகளின் கையேடுகளை என்ன செய்வது?

---

மூணாறு தலைப்பு எழுதியது:

நீர்ப்பாசனத் துறையில் பிரிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீடாமங்கலம் பக்கம் பல ஆண்டுகள் இருந்தேன். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஒரே இடத்தில் பிரிகிற தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டையை நாள்தோறும் பார்த்தவன் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

பதிவேட்டில் ஏறிவிட்டது என்று உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. பதிவேட்டில் ஏறுவது எண்கள். கையேட்டில் இருப்பது நடந்தது. 'இரவு 11 மணிக்கு இரண்டாவது ஷட்டர் கால் பங்கு இறக்கியது', 'கடைமடை ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள்', 'தென்கரையில் கசிவு, மணல் மூட்டை 40 போட்டது' என்று லஸ்கர் எழுதி வைப்பார். அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதுபவர் இதையெல்லாம் விட்டுவிட்டுக் காலை அளவு, மாலை அளவு இரண்டை மட்டும் ஏற்றுவார், ஏனென்றால் பதிவேட்டில் கட்டங்கள் அவ்வளவுதான். தண்ணீர் வரவில்லை என்று பயிர் இழப்புக்காக ஒருவர் வழக்குப் போட்டால், அல்லது முறைப்பாசன நாளில் தன் முறை பறிபோனதாகச் சொன்னால், எந்த மணிக்குக் கதவு இறங்கியது என்பதற்குப் பதிவேட்டில் விடை இருக்காது. நான் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன்; காப்பாற்றியது லஸ்கர் வீட்டு மாடத்தில் இருந்த நோட்டு.

நாள்தோறும் ஒரு மனிதர் அளவுகோலைப் பார்த்து எழுதும் எண்ணுக்கு எவ்வளவு எடை என்று காவிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தபோது, அந்த அளவு கணக்கிடப்படும் இடம் பிலிகுண்டுலுவில் உள்ள ஓர் அளவீட்டு நிலையம். அங்கே ஆற்றுக்குள் அளவு எடுத்துக் குறிப்பவரின் முதல் தாளுக்கும் அச்சிட்டு வரும் அறிக்கைக்கும் வேறுபாடு வந்தால் எதை எடுத்து வைத்துப் பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வோர் ஆண்டிலும் ஒரு திறப்புக் காலம், ஒரு வெள்ளக் காலம் என்று சில வாரங்களை எடுத்துக் கையேட்டையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எண்களைத் தவிர வேறு எதுவுமே இல்லாத, எண்களும் அப்படியே ஒத்துப்போகிற கையேடுகள் சில இருக்கும். அவற்றைப் பணித்தாள் என்று குறித்து, முறைப்படி ஒப்புதல் பெற்றுக் கழிக்கலாம். ஒரு வரி கூடுதலாக இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்து மூன்று நோட்டு ஒரு பீரோ அடுக்கை அடைக்காது. இடம் வேண்டுமென்றால் ஏழு நகல் அரசாணைகளைப் போய்ப் பாருங்கள்.

எம்-புக்கில் குழப்பம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுதாத எம்-புக் இருந்தாலும், பாதி எழுதி நிறுத்தியது இருந்தாலும், அதுவும் ஆவணம்தான். பக்க எண் அச்சிட்டுக் கணக்கு வைத்துக் கொடுத்த புத்தகம் அது. வெற்றுப் பக்கமும் கணக்கில் உண்டு. வெற்றாக இருக்கிறதே என்று யாராவது தூக்கிப்போட்டுவிடப் போகிறார்கள்.

---

கடைமடைக்காரன் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி. இப்போதெல்லாம் லஸ்கர்கள் நோட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, காலையில் அளவுகோலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அதே குழுவில் காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் வருகின்றன. அதில் எது ஆவணம்?

---

படியோலை எழுதியது:

நல்ல கேள்வி. குழு முழுவதும் ஆவணம் என்பதும் தவறு, வாட்ஸ்அப் என்பதால் எதுவுமே ஆவணமில்லை என்பதும் தவறு. அளவுகோல் படம் ஆவணம்; அதைப் பார்த்து அலுவலர் "இரண்டாவது கதவை மூடவும்" என்று இட்ட செய்தியும் ஆவணம். வாழ்த்துகள் அல்ல. ஒரு தொலைபேசி எண்ணையோ ஒருவருடைய கைப்பேசியையோ நம்பி ஆவணத்தை விட்டுவைப்பதில்தான் ஆபத்து. லஸ்கர் ஓய்வு பெறும் நாளில் ஆவணமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 7-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தைப் பாதுகாத்ததாகக் கொள்ள வேண்டுமானால் அது பின்னாளில் எடுத்துப் பார்க்கக் கூடியதாகவும், எங்கிருந்து யாருக்கு எந்த நாள் எந்த நேரம் சென்றது என்ற விவரத்தோடும் இருக்க வேண்டும் என்கிறது. படத்தை மட்டும் சேமித்தால் அந்த விவரம் அறுந்துவிடும். வாரம் ஒரு முறை குழு உரையாடலை நாள், நேரத்தோடு ஏற்றுமதி செய்து அலுவலகக் கணினியில் வைப்பது எளிய வழி.

அலுவலர்களின் நாட்குறிப்புகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பயணம், ஆய்வு, சந்திப்பு ஆகியவை இருக்கும் பக்கங்கள் அலுவலுக்கு உரியவை. வீட்டுக் கணக்கு அல்ல. இரண்டும் கலந்திருந்தால் உரியவருக்கு எழுதிக் கேட்டுவிட்டு முடிவு செய்வது மரியாதை.

---

ஓடம்போக்கிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வரை நடந்ததைத் தெரிவித்துவிடுகிறேன். கழிப்பதற்கு எழுத்தில் உத்தரவு வேண்டும் என்று குறிப்பு வைத்தேன். மேலதிகாரி முகம் சுளிக்கவில்லை, பட்டியலை மூன்று படிகளாகத் தரச் சொல்லிவிட்டார். அரசாணை நகல்களைப் புரட்டியதில் இரண்டின் ஓரத்தில் அலுவலர் குறிப்பு இருந்தது. அவை உரிய கோப்புகளுக்குப் போயின. அழைப்பிதழ்கள் கழிவுப் பட்டியலில் முதல் வரி.

கையேடுகளை ஒப்பிட்டதில் ஒன்பது மட்டும் பதிவேட்டோடு முழுதும் ஒத்துப்போயின. மற்ற முப்பத்து நான்கையும் வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒன்றைப் பற்றி மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. கஜா கரை கடந்த 16.11.2018 அன்று ஒரு லஸ்கர் தம் கையேட்டில், 'அளவுகோல் சாய்ந்து கிடக்கிறது, அளவு எடுக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறார். அடுத்த நான்கு நாட்களுக்கும் அதே வரிதான். கோட்டத்துக்கு அனுப்பிய மாத அறிக்கையின் அலுவலகப் படி இன்னொரு கட்டில் கிடைத்தது. அதில் அந்த ஐந்து நாட்களுக்கும் காலை, மாலை இரண்டு வேளையும் அளவு இருக்கிறது.

---

மூணாறு தலைப்பு எழுதியது:

எதையும் திருத்தாதீர்கள், எதன் மேலும் எழுதாதீர்கள். இரண்டையும் ஒரே உறையில் வைத்து, எந்தக் கட்டில் எந்த நாளில் கிடைத்தது என்று தனித்தாளில் எழுதி ஒப்பமிட்டு, அந்தத் தாளுக்கு ஒரு ந.க. எண் வாங்கிவிடுங்கள்.